எவரும் படியாத உரைநடை

விமர்சனம் என்றதும் நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றையே நம்மிற் பலர் நினைத்துக்கொள்கின்றனர். ஆயின், இவற்றுக்கு அப்பால் மக்களின் அன்றாட வாழ்வைக் கட்டியாளும் எழுத்துக்களும் உள. வங்கிக் கடன் பத்திரம், காப்புறுதி ஒப்பந்தம், தொழிற்சாலை வாசலில் ஒட்டிய விதிகள் ஆகியன அவ்வகையின. இவற்றில் அழகைத் தேடுவார் எவருமிலர். எனினும் யார், யாரிடம், எதை, எவ்வாறு சொல்கின்றார் என்று கேட்கும் பயிற்சி பெற்றவர்கள் இவற்றை ஒதுக்கிவிடுதல் தகாது. அத்தகைய எழுத்தொன்றையே நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். இணையத்தளமொன்று தன்னிடம் வருவோரைப் பற்றி எவ்விவரங்களைத் திரட்டுகின்றது, அவற்றை யாருக்குக் கொடுக்கின்றது என்று கூறும் 'அந்தரங்கக் கொள்கை' என்னும் அறிவித்தலும், 'குக்கிகளுக்கு இசைகின்றீர்களா?' என்று வாசலிலேயே வழிமறிக்கும் சிறு பெட்டியுமே அவை. இன்று உலகில் மிகுதியாக வெளியிடப்பட்டு மிகக் குறைவாகப் படிக்கப்படும் உரைநடை எதுவென்று கேட்டால், இதனையே சுட்டலாம்.

அமெரிக்க ஆய்வாளரான அலீசியா மக்டொனால்டும் லோரி கிரேனரும் 2008 ஆம் ஆண்டில் ஒரு கணக்கிட்டனர். சராசரி அமெரிக்கர் ஒருவர் தாம் செல்லும் தளங்களின் அறிவித்தல்களையெல்லாம் படிப்பதாயின் ஆண்டொன்றில் 200 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் என்று வைத்தாலும் இருபத்தைந்து நாள்கள் இதற்கே சென்றுவிடும். எவரும் படிக்கமாட்டார் என்று எழுதுவோருக்குத் தெரியும். படிக்கவில்லை என்பது கேட்போருக்கும் தெரியும். இருந்தும், 'படித்து விளங்கி இசைந்தேன்' என்று இரு தரப்பாரும் நடித்துக்கொள்கின்றனர்.

இது சட்டத்தரணிகளின் வேலை, தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கும் நண்பர்களும் உளர். அவர்களுக்கு நம் ஊரின் காணி உறுதியை நினைவூட்டுவோம். உறுதி எழுதும் நொத்தாரிசு, எழுதியதை, வாசிக்க இயலாத அல்லது வாசித்துக் காட்டுமாறு கேட்கும் கைச்சாத்திடுவோருக்கு வாசித்து விளக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அவ்வாறு வாசித்து விளக்கியதாக உறுதியின் அடியில் அவரே சான்றுரை எழுதுவர். இவ்வேற்பாட்டினால் ஏழை விவசாயியின் நிலம் ஒற்றியில் மூழ்காமற் காக்கப்பட்டதென்று நாம் கூறவரவில்லை. வாசித்துக் காட்டிய பின்னரும் நிலங்கள் மூழ்கத்தான் செய்தன. ஆயினும், விளங்காத எழுத்தின் கீழ் வைக்கும் ஒப்பம் ஒப்பமாகாது என்ற எண்ணமாவது அச்சட்டத்தில் இருந்தது. கணினித் திரையில் அந்த எண்ணமும் இல்லை.

'குக்கி' என்பது யாது என்பதைச் சற்று விரிவாகச் சொல்லுதல் அவசியம். பெயரைக் கேட்டால் அமெரிக்கப் பிள்ளைகள் தின்னும் இனிப்பு விசுக்கோத்தே மனத்தில் தோன்றும். ஒரு நிரல் மற்றொரு நிரலுக்குக் கொடுத்துத் திரும்பப் பெறும் சிறு துணுக்கினைக் கணினியாளர் 'மாய விசுக்கோத்து' என்று பரிபாஷையாகக் கூறிவந்தனர். அதிலிருந்து வந்த பெயர் இது. இணையத்தின் அடிப்படை ஒழுங்கின்படி, தளம் ஒன்று தன்னிடம் வந்தவரை மறு கணமே மறந்துவிடும். ஒரு பக்கத்தைக் கேட்டவர்தாமா அடுத்த பக்கத்தையும் கேட்கின்றார் என்று அதற்குத் தெரியாது. கடை வைப்பதற்கு இம்மறதி இடையூறாயிற்று. கூடையில் இட்ட பொருளை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. 1994 ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்ரூலி இதற்கு ஒரு வழி கண்டார். வருபவரின் கணினியிலேயே தளம் ஓர் எண்ணை எழுதி வைக்கும். அவர் மறுமுறை வரும்போது கணினி அவ்வெண்ணைக் காட்டும். சைக்கிள் தரிப்பிடத்தில் நாம் பெறும் துண்டு போன்றது இது. துண்டிலே நம் பெயரில்லை, ஊரில்லை, எண் மாத்திரமே. அதனைக் காட்டினால் நம் சைக்கிளைத் தருவர்.

இதுவரை குற்றம் காண எதுவுமில்லை. நமது கடவுச்சொல்லை ஒவ்வொரு பக்கத்திலும் திரும்பத் திரும்பக் கேளாதிருக்கவும், நாம் தெரிந்தெடுத்த மொழியிலேயே பக்கம் திறக்கவும் இத்துண்டு உதவுகின்றது. இயந்திரத்தின் மேற் கோபங்கொள்வது நம் வழக்கமன்று. அத்துண்டை எவர் கையில் வைத்துக்கொண்டிருக்கின்றார் என்பதே கேள்வி.

பத்திரிகைத் தளமொன்றைத் திறக்கும்போது அதிலுள்ள விளம்பரப் படம் அப்பத்திரிகையிலிருந்து வருவதில்லை; வேறொரு விளம்பர நிறுவனத்தின் கணினியிலிருந்தே வருகின்றது. படத்தைத் தரும் நிறுவனம் தன் பங்குக்கு ஒரு துண்டையும் நம் கணினியில் வைத்துவிடும். அதே நிறுவனத்தின் படம் மருந்துக்கடைத் தளத்திலும் உண்டு. வேலைவாய்ப்புத் தளத்திலும் உண்டு. நோய்க்குறிகளை விளக்கும் தளத்திலும் உண்டு. ஒரு சைக்கிள் தரிப்பிடத்துக்காரர் ஊரிலுள்ள வைத்தியசாலை, வங்கி, அடகுக்கடை, சனசமூக நிலையம் யாவற்றின் வாசலிலும் தம் ஆளை இருத்தி, ஒரே துண்டெண்ணை எங்கும் குறித்துக்கொள்வாராயின் என்னாகும்? துண்டிலே பெயரில்லைதான். ஆனால் அவ்வெண்ணுக்குரியவர் காலையில் நீரிழிவு மருத்துவரிடம் சென்றதையும், மாலையில் நகையை அடகு வைத்ததையும் அவர் அறிவார். இந்நிலையில் பெயர் வேண்டியதே இல்லை. மூன்றாந் தரப்புக் குக்கி என்று கூறப்படுவது இதுவே.

இதன் அபாயம் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது என்பதை நாம் அழுத்திச் சொல்ல வேண்டும். உலாவியிற் குக்கிகள் புகுந்தபோது பொதுமக்களுக்கு எவரும் அறிவிக்கவில்லை. லண்டன் 'பைனான்ஷியல் ரைம்ஸ்' பத்திரிகை 1996 பெப்ரவரியில் எழுதிய பின்னரே பலர் அறிந்தனர். இணையத்தின் தொழில்நுட்ப ஒழுங்குகளை வகுக்கும் பொறியியலாளர் குழு 1997 பெப்ரவரியில் வெளியிட்ட ஆவணம், மூன்றாந் தரப்புக் குக்கிகளை உலாவிகள் தாமாக ஏற்கலாகாது என்றே கூறியது. அன்று உலாவிச் சந்தையை ஆண்ட நெற்ஸ்கேப்பும் மைக்ரோசொவ்ற்றும் அதனைப் பொருட்படுத்தவில்லை. விளம்பர நிறுவனங்கள் வளர்ந்தன. அவற்றுட் பெரியதான டபுள்கிளிக்கை வாங்குவதற்குக் கூகிள் 2007 இல் 310 கோடி டொலர் தர உடன்பட்டது. துண்டெண்களுக்கு இவ்வளவு விலையா என்று வியப்போர், விற்பனையான பொருள் எது என்று மீண்டும் ஒருமுறை சிந்திப்பாராக. இவ்வளவு வளர்ந்த பின்னரே அறிவித்தல்களும் பெட்டிகளும் பெருகின.

இனி அவ்வுரைநடைக்கு வருவோம்.

முதல் வாக்கியம் பெரும்பாலும் ஒன்றுதான்: உங்கள் அந்தரங்கத்தை நாங்கள் மதிக்கின்றோம். ஆங்கிலத்தில் இவ்விடத்தில் வரும் வினைச்சொல் இருபொருள்படுவது. போற்றுதலும் விலை மதித்தலும் அதில் அடங்கும். தமிழிலும் 'மதி' என்னும் வினை அவ்வாறே இருபுறமும் கூர்மையுடையது. காணியை மதிப்பவர் அதன் மேல் மரியாதை கொண்டவர் அல்லர். விலை கூற வந்தவர். அறிவித்தல் எழுதியவர் அறியாமலே உண்மையைச் சொல்லிவிட்டார் என்று கொள்ளலாம்.

அடுத்தது 'நாங்கள்'. ஆங்கிலத்தின் தன்மைப் பன்மைச் சொல் கேட்போரை உட்படுத்துகின்றதா, புறந்தள்ளுகின்றதா என்பதை மறைத்துக்கொள்ளவல்லது. அந்த மயக்கத்திலேயே நிறுவனம் நம் தோளிற் கைபோட்டுப் பேசுகின்றது. தமிழில் இஃது இயலாது. முன்னிலையாரை உட்படுத்தும் பன்மையை நம் இலக்கணகாரர் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பேசுவர். இன்றைய வழக்கிலும் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. எனவே மொழிபெயர்ப்பாளர் 'நாங்கள்' என்றுதான் எழுதியாக வேண்டும். எழுதியவுடன் மதிலின் இப்புறத்தில் நாம் நிற்பது தெரிந்துவிடும். ஆனால் மதிலின் அப்புறத்தில் நிற்பவர் யாவர்? தளத்தின் உரிமையாளரா, அவரது தாய் நிறுவனமா, விளம்பரக் கம்பனியா? அறிவித்தலின் தொடக்கத்தில் நாங்களாக இருந்தவர்கள் ஐந்தாம் பந்தியில் 'எமது குழுமம்' ஆகின்றனர். எட்டாம் பந்தியில் 'நாங்களும் எமது பங்காளிகளும்' ஆகின்றனர்.

பங்காளி என்ற சொல்லை இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளர் பயன்படுத்தும்போது யாழ்ப்பாணத்து வாசகர் சிரிக்காமலிரார். நமக்குப் பங்காளி என்பவன் கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் பங்குடையவன். அவன் பெயர் உறுதியில் இருக்கும். எந்த நாளில் எத்தனை மணித்தியாலம் இறைக்கலாம் என்பதும் தெரிந்ததே. அவனோடு வழக்காடுவோமாயினும் அவன் முகம் நமக்குத் தெரியும். அறிவித்தல் கூறும் பங்காளிகளோ சில தளங்களில் நூற்றுக்கணக்கானோர். முகம் தெரியாத நூற்றுக்கணக்கானோர் இறைக்கும் கிணற்றை எந்த ஊரிலும் பங்குக் கிணறு என்று கூறமாட்டார்கள்.

யாவற்றிலும் மோசமானது செயப்பாட்டுவினை. 'தகவல்கள் சேகரிக்கப்படுகின்றன', 'பகிரப்படக்கூடும்', 'தக்கவைக்கப்படலாம்' என்று வாக்கியங்கள் வரிசை வரிசையாக வரும். சேர்ப்பவன் யார், பெறுபவன் யார் என்று எழுவாயைத் தேடினால் கிடையாது. மழை பெய்வதுபோல் அவை தாமாகவே நிகழ்கின்றன என்ற மயக்கம் உண்டாகின்றது. செயப்பாட்டுவினையைச் செய்வினையாக்கும் பயிற்சியை ஒன்பதாம் வகுப்பில் நாம் இயந்திரம்போற் செய்விக்கின்றோம். மாணவரும் அதனை வெறுப்போடு செய்கின்றனர். 'இராமனால் பழம் உண்ணப்பட்டது' என்ற வாக்கியத்தை மாற்றுவதால் உலகில் எதுவும் மாறுவதில்லை. 'உங்கள் இருப்பிடம் பற்றிய தகவல் மூன்றாந் தரப்பினருடன் பகிரப்படலாம்' என்ற வாக்கியத்தை அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். 'நீ எங்கே நிற்கின்றாய் என்பதை நாங்கள் விளம்பரக்காரனிடம் சொல்கின்றோம்' என்று ஒரு மாணவன் மாற்றி எழுதினால், இலக்கணப் பாடம் அன்றுதான் அவனுக்கு உயிர் பெறும். அவன் 'லாம்' என்ற விகுதியையும் விட்டுவிட்டான் என்று குறை கூறுதல் வேண்டா. செய்யப்படுவதையே செய்யப்படலாம் என்று எழுதும் வழக்கத்தை அவன் திருத்தியிருக்கின்றான்.

'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தும் பொருட்டு' என்ற தொடரைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. குடியேற்ற நாட்டு ஆட்சியறிக்கைகளைப் படித்த எவருக்கும் அக்குரல் பழக்கமானதே.

நம் விமர்சன உலகில் உருவமா உள்ளடக்கமா என்ற சர்ச்சை நெடுங்காலம் நடந்தது. உள்ளடக்கத்தையே முதன்மையாகக் கொண்ட முற்போக்காளர் உருவத்தைப் புறக்கணித்தனர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. அச்சர்ச்சைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2016 இல் நிறைவேறி 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ளது. இசைவு என்பது சுயாதீனமாக, குறித்த நோக்கமொன்றுக்காக, விவரம் அறிந்து, ஐயத்துக்கிடமின்றி அளிக்கப்படல் வேண்டும் என்றும், இசைவைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாதல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. உள்ளடக்கம் சிறந்ததே. கம்பனிகள் அவ்வுள்ளடக்கத்தை மறுக்கவில்லை, உருவத்தைக் கைப்பற்றிக்கொண்டன. 'யாவற்றையும் ஏற்கின்றேன்' என்ற பொத்தான் பெரிதாய் நிறத்தோடு ஒளிரும். மறுக்க விரும்புவோர் 'மேலும் தெரிவுகள்' என்ற மங்கிய எழுத்தைத் தொட்டு, உள்ளே சென்று, நோக்கம் ஒவ்வொன்றாய் நீக்கி, இறுதியிற் சேமிக்க வேண்டும். மறுப்பு தடை செய்யப்படவில்லை, களைப்பூட்டப்பட்டது.

இவ்வுருவச் சூழ்ச்சிகளை நீதிமன்றங்களும் கண்டன. ஜேர்மனியில் பிளனெற்49 என்ற கம்பனி 2013 இல் நடத்திய அதிர்ஷ்டச் சீட்டுத் தளத்தில், குக்கிக்கு இசையும் கட்டத்தில் முன்கூட்டியே அடையாளம் இடப்பட்டிருந்தது. விரும்பாதவர் அதனை அழிக்க வேண்டும். ஜேர்மன் நுகர்வோர் அமைப்புகளின் சம்மேளனம் வழக்குத் தொடுத்தது. பிறர் முன்னரே இட்டு வைத்த அடையாளம் இசைவு ஆகாது என்று 2019 ஒக்டோபர் 1 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம்மூர்ப் பெண்பார்க்கும் படலங்களில் வழங்கும் பழைய வாதத்தை ஐரோப்பிய நீதியரசர்கள் ஏற்கவில்லை என்று சொல்லலாம்.

பிரான்சின் கண்காணிப்பு ஆணைக்குழு 2022 சனவரியில் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் பேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் தண்டம் விதித்ததை வெளியிட்டது. காரணம், ஏற்பதற்கு ஒரு தட்டுப் போதும், மறுப்பதற்குப் பல தட்டுக்கள் வேண்டும் என்பதே. அவ்வாண்டு ஏப்ரிலில், 'யாவற்றையும் மறுக்கின்றேன்' என்ற பொத்தானை ஐரோப்பாவில் வைக்கப்போவதாகக் கூகிள் அறிவித்தது. ஒரு பொத்தானை இருக்கச் செய்வதற்கு அரசொன்றின் அதிகாரமும் அத்துணைப் பெருந்தொகையும் வேண்டியிருந்தன. அப்பொத்தான் ஐரோப்பியருக்குக் கிடைத்தது. வேறு நாட்டார் அதே தளத்தைத் திறக்கும்போது என்ன காண்கின்றனர் என்பது அந்தந்த நாட்டுச் சட்டத்தின் பலத்தைப் பொறுத்தது.

மூன்றாந் தரப்புக் குக்கிகளைத் தம் உலாவியிலிருந்து ஈராண்டுகளுள் அகற்றுவோம் என்று கூகிள் 2020 சனவரியிற் கூறியதையும் சிலர் எடுத்துக்காட்டுவர். தவணை மேல் தவணை சென்று, 2024 யூலையில் அத்திட்டம் கைவிடப்பட்டது. சபாரியும் பயர்பொக்சும் அவற்றை முன்னரே தடுத்துவிட்டன என்பது உண்மை. விளம்பர வருவாயிலே நேரடியாகத் தங்கியிராத உலாவிக்கு அது எளிது. இதை நல்லவர் கெட்டவர் என்ற கதையாக வாசிப்போர் ஏமாறுவர். வருவாய் எங்கிருந்து வருகின்றதோ அங்கேயே மனச்சாட்சியின் எல்லையும் வகுக்கப்படுகின்றது. குக்கி முற்றாக ஒழிந்தாலும், திரையின் அளவு, எழுத்துருக்கள், கணினியின் அமைப்பு முதலியவற்றைச் சேர்த்து ஆளை அடையாளங் காணும் வழிகள் வேறு உள.

'மறைப்பதற்கு என்னிடம் எதுவுமில்லை. இலவசமாகத் தருகின்றார்கள், பார்த்தால் பார்க்கட்டும்' என்பது படித்தவர் வாயிலும் கேட்கும் பேச்சு. நடுத்தர வருக்கத்தின் பாதுகாப்புணர்விலிருந்து எழும் பேச்சு இது. வேலை தேடுபவருக்கு, கடன் தேடுபவருக்கு, நோயை மறைத்து வேலைக்குச் செல்ல வேண்டியவருக்கு, தொழிற்சங்கம் அமைக்க முனைபவருக்கு மறைப்பதற்கு நிறைய உண்டு. தம்மைப் பற்றித் தாம் அறியாத ஒரு கோவையைப் பிறர் வைத்திருப்பது எத்தகையது என்பதை இந்நாட்டில் விளக்கிச் சொல்லவும் வேண்டுமா?

ஆசிரியராகிய நமக்கு இன்னுமொரு காரணமுண்டு. கொரோனாக் காலத்திற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அரசாங்கங்கள் பிள்ளைகளை இணைய வகுப்புக்களுக்கு அனுப்பின. 49 நாடுகளின் அரசுகள் பரிந்துரைத்த 164 கல்விச் சாதனங்களை ஆராய்ந்த மனித உரிமைகள் கண்காணிப்பகம், 2022 மே மாதத்தில் தன் அறிக்கையை வெளியிட்டது. அவற்றுள் 146 சாதனங்கள், அதாவது நூற்றுக்கு 89, பிள்ளைகளின் உரிமைகளுக்கு ஆபத்து விளைக்கும் வகையில் அல்லது அவற்றை மீறும் வகையில் விவரங்களைக் கையாண்டன என்பது அவ்வறிக்கையின் முடிவு. பல சாதனங்கள் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களை விளம்பரக் கம்பனிகளுக்கு அனுப்பின. பத்து வயதுப் பிள்ளை எதற்கு இசைந்தது? பாடசாலை போகச் சொன்னது, பிள்ளை போயிற்று. கட்டாயக் கல்வியின் வாசலில் வைத்துக் கேட்கப்படும் இசைவைச் சுயாதீனமான இசைவென்று எந்த அகராதியைக் கொண்டு விளக்குவது? கணக்குப் பாடத்திற் பிள்ளை எந்த இடத்திற் தடுமாறுகின்றது என்பதை ஆசிரியர் அறிவது கற்பித்தலின் பொருட்டு. அதே செய்தி விளம்பரக்காரரிடம் சேருமாயின் அது சந்தைச் சரக்கு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவோர் வகுப்பறையை அறியாதவர்.

இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு மார்ச்சில் இயற்றப்பட்டது. தன்னைப் பற்றிய விவரங்களைப் பார்வையிடல், திருத்துவித்தல், அழிப்பித்தல், அளித்த இசைவைத் திரும்பப் பெறல் முதலிய உரிமைகளை அது கூறுகின்றது. பிள்ளைகள் பற்றிய தரவைத் தனிக் கவனத்துக்குரிய வகையிற் சேர்த்திருப்பது பாராட்டத்தக்கது. மீறுவோருக்கு இயற்றப்பட்ட வடிவில் அது விதித்த உச்சத் தண்டம் ஒரு கோடி ரூபா. பிரான்சிய தண்டத்தின் அருகில் இதை வைத்துப் பார்க்கும் வேலையை வாசகருக்கே விடுகின்றோம். முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்தும் அந்நாள் பின்தள்ளப்பட்டது. அவ்வாண்டிலேயே திருத்தச் சட்டமும் வந்தது.

சட்டம் முழு வலுவோடு நடைமுறைப்படும்போது கம்பனிகளும் வங்கிகளும் கல்வி நிலையங்களும் தமிழில் அறிவித்தல்கள் எழுதியாக வேண்டிவரும். ஆங்கில அறிவித்தலை இயந்திரத்திற் போட்டெடுத்து, 'படுகின்றன' என்று முடியும் நாற்பது வாக்கியங்களை நம் முன் வைப்பதே அவர்களுக்கு எளிது. அதற்கு முன்னரே தமிழ் ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் மாதிரி அறிவித்தலொன்றை எழுதி வெளியிடலாம். நாம் எழுதிப் பார்த்தது பின்வருமாறு:

'இத்தளத்தை நடத்துபவர் இன்னார், முகவரி இது. நீங்கள் மீண்டும் வரும்போது அடையாளங்காண உங்கள் கணினியில் ஓர் எண்ணை எழுதுகின்றோம். முப்பது நாளில் அதை அழிப்போம். நீங்கள் எந்தப் பக்கங்களைப் படித்தீர்கள் என்பதைக் கீழே பெயர் குறித்துள்ள இரு விளம்பரக் கம்பனிகளுக்குச் சொல்கின்றோம். அதற்கு அவர்கள் எங்களுக்குப் பணம் தருகின்றனர். வேண்டாம் என்றால் இவ்விடத்தைத் தொடுங்கள். வேண்டாம் என்றவருக்கும் இத்தளம் முழுமையாகத் திறக்கும்.'

ஆறு வரிகளுக்குள் அடங்கும் இதனை எட்டாம் வகுப்பு மாணவி உரத்து வாசித்துத் தன் பாட்டிக்கு விளக்கிவிடுவாள். நான்காம் வாக்கியத்தை அச்சிடக் கம்பனிகள் இணங்குமா என்பது வேறு. இணங்காதவை எதனை மறைக்க விரும்புகின்றன என்பதை வகுப்பிற் கேட்டால், விடைக்கு ஆசிரியர் காத்திருக்க வேண்டிவராது.